கொரியாவில் நம் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள்? பன்றியைத் தவிர்த்தால் மட்டும் போதுமா?

சென்ற மாதம் உத்தனப்பள்ளியில் ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு தகப்பனார் நம்மைத் தனியே அழைத்தார். அவருடைய மகனுக்குத் தென் கொரியாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. "ஹஜ்ரத், விசா, பணம் எல்லாம் ஆயிடுச்சு. அங்கே போய் என்னத்தைச் சாப்பிடுவான்னு நினைச்சு அவன் அம்மாதான் தூங்க மாட்டேங்கிறாங்க" என்றார். அதே வாரம் இன்னொரு வீட்டில், பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளை ஓசூரில் வாங்கி வந்த கொரிய நூடுல்ஸ் பாக்கெட்டை நம் முன்னால் வைத்து, "இது ஹலாலா, சொல்லுங்க ஹஜ்ரத்" என்று கேட்டாள்.

பத்து வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ரோஜாத் தோட்டமும் தக்காளி வயலுமாக இருந்த ராயக்கோட்டை சாலையில் இன்று டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் வரிசையாக ஓடுகின்றன. பெங்களூரைத் தாண்டி ஹைதராபாத் சாலையில் போனால் பெனுகொண்டாவில் கியா கார் ஆலை. 2019-இல் அங்கே உற்பத்தி தொடங்கிய பிறகு சாலையோரப் பெயர்ப் பலகைகளிலேயே கொரிய எழுத்து வந்துவிட்டது. நம் பிள்ளைகள் கொரியர்களோடு வேலை செய்கிறார்கள், கொரிய நாடகம் பார்க்கிறார்கள். சிலர் கொரியாவுக்கே போகிறார்கள்.

கொரிய அரசு 2004 முதல் நடத்திவரும் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதித் திட்டத்தில் இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியா போன்ற நாடுகள் உள்ளன. இந்தியா அதில் இல்லை. ஆகவே இலங்கையிலிருந்து நம் தமிழ் பேசும் சகோதரர்கள் கொரிய மொழித் தேர்வு எழுதித் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். இங்கிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், பொறியாளர்கள், நிறுவனம் அனுப்பும் பயிற்சியாளர்கள். யார் எந்த வழியில் போனாலும் மதியம் பன்னிரண்டு மணிக்கு உட்காரும் இடம் ஒன்றுதான்: நிறுவனத்தின் அல்லது கல்லூரியின் உணவுக்கூடம்.

அங்கே பயிற்சிக்குப் போய்த் திரும்பிய இளைஞர் ஒருவர் நம்மிடம் மனம் விட்டுப் பேசினார். முதல் மாதம் அவித்த முட்டை, வாழைப்பழம், வெறும் சோறு, வீட்டிலிருந்து கொண்டுபோன ஊறுகாய், இவ்வளவுதான். உடம்பு இளைத்தது, தலை சுற்றியது. இரண்டாம் மாதம், "எதைத்தான் பார்ப்பது" என்று சலித்து, தட்டில் விழுந்ததையெல்லாம் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். ஊர் திரும்பிய பிறகு அதை நினைத்து அழுதார். அவரிடம் தக்வா குறைவாக இருந்ததாக நாம் நினைக்கவில்லை. போகும் முன் யாரும் அவருக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. பட்டினிக்கும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவதற்கும் நடுவில் நல்ல அகலமான பாதை ஒன்று இருக்கிறது. அதைக் காட்டத்தான் இதை எழுதுகிறோம்.

தட்டில் என்ன இருக்கும்?

கொரியரின் சாப்பாடு நமக்கு அந்நியமானது அல்ல. சோறுதான் அடிப்படை. சோற்றுக்கு அவர்கள் சொல்லும் 'பாப்' என்ற சொல்லே சாப்பாட்டுக்கும் பெயர். நாம் ஒருவரைப் பார்த்ததும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது போலவே அவர்களும் "பாப் மொகொஸ்ஸொயோ?" என்று கேட்பார்கள். (அப்பாவை அவர்களும் 'அப்பா' என்றுதான் அழைக்கிறார்கள். இதை வைத்துப் பெரிய வரலாறு கட்டுகிறவர்கள் உண்டு. நாம் அந்தப் பக்கம் போகவில்லை.) சோற்றோடு ஒரு குழம்பு அல்லது சூப், கிம்ச்சி, அதைச் சுற்றி 'பன்ச்சான்' எனப்படும் சின்னச் சின்னத் தொடுகறிகள். கீரை, முளைகட்டிய பயறு, முள்ளங்கி, முட்டை, நெத்திலிக் கருவாட்டு வறுவல்! ஆம், நம் நெத்திலியேதான். அதற்கு அங்கே 'ம்யொல்ச்சி' என்று பெயர். பெரும்பாலான சூப்புகளின் அடித்தண்ணீரே நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்க வைத்து எடுப்பதுதான். சோறு கொஞ்சம் குழைவாக, ஒட்டிக்கொள்ளும். காரத்துக்குப் பஞ்சமில்லை. மிளகாய் நமக்கு வந்தது போலவே அவர்களுக்கும் போர்ச்சுகீசியர் கடல்வழி வணிகம் திறந்த பிறகு வந்ததுதான். இரு தரப்பும் இன்று அதைத் தங்கள் பாட்டன் சொத்து போலப் பேசுகிறோம்.

மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே இளையவர் எடுப்பது, பெரியவர் தருவதை இரண்டு கையாலும் வாங்குவது போன்ற மரியாதைகள் நம் வீட்டுப் பிள்ளைக்குப் புதிதல்ல. ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: அங்கே சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது மரியாதைக் குறைவு. மேசையில் வைத்தபடியே கரண்டியால் சாப்பிட வேண்டும்.

சிக்கல் எங்கே?

பன்றி இறைச்சியைக் கண்ணால் பார்த்துத் தவிர்ப்பது எளிது. கண்ணுக்குத் தெரியாமல் அது நுழையும் இடங்கள்தான் ஆபத்து. கிம்ச்சிக் குழம்பில் பன்றித் துண்டு போடுவது அங்கே வழக்கம். 'சுந்துபு' என்னும் மென்மையான சோயாக் கட்டிக் குழம்பிலும் அரைத்த பன்றி சேர்ப்பதுண்டு. கிம்பாப் என்ற கடற்பாசிச் சுருளில் ஹேம் வைப்பார்கள். 'சுந்தே' என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டால் ஐஸ்கிரீம் போலத் தோன்றும். உண்மையில் அது இரத்தம் அடைத்த பன்றிக் குடல்.

மிகப் பெரிய குழப்பம் மொழியில்தான். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால், இறைச்சித் துண்டு இல்லாத, ஆனால் ஹேமோ இறைச்சிச் சாறோ உள்ள உணவை வைத்துவிடுவார்கள். அதில் வஞ்சகம் எதுவும் கிடையாது. அவர்கள் கணக்கில் 'கோகி' என்றால் தட்டில் தெரியும் கறித்துண்டு. ஆகவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். த்வேஜிகோகி என்றால் பன்றி, சேகோகி என்றால் மாடு, தக்கோகி என்றால் கோழி. 'பே ஜுசெயோ' என்றால் "அதை எடுத்துவிடுங்கள்". இந்தச் சொற்களையும் ஹேம், பேக்கன், சாசேஜ் ஆகியவற்றையும் கொரிய எழுத்திலேயே ஒரு அட்டையில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. உணவுக்கூடத்தில் சமைக்கும் அம்மாக்களிடம் முதல் வாரமே அந்த அட்டையைக் காட்டி, முகம் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். நம்மிடம் பேசிய இளைஞர் இதை மூன்றாம் மாதம்தான் செய்தாராம். மறுநாளிலிருந்து அந்த அம்மா அவருக்கு மட்டும் தனியாக ஒரு முட்டை பொரித்து வைத்தாராம்.

அடுத்தது கோழியும் மாடும். "கொரியா கிறிஸ்தவ நாடுதானே, வேதக்காரர்களின் உணவு ஆகும்தானே" என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 5-ஆவது வசனத்தைக் காட்டிச் சிலர் கேட்கிறார்கள். 2015 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், சுமார் 56 விழுக்காட்டினர், எந்த மதத்தையும் சேராதவர்கள். கிறிஸ்தவர்கள் கால் பங்குக்குச் சற்றே அதிகம். அறுப்பவர் யார், எப்படி அறுத்தார் என்று தெரியாத தொழிற்சாலை இறைச்சிக்கு அந்த வசனத்தை ஆதாரமாக்க முடியாது. ஆகவே கடைத்தெருவின் கொரியப் பொரித்த கோழி, எவ்வளவு மணத்தாலும், ஹலால் கடையில் வாங்கியதாக இருந்தாலன்றி நமக்கு ஆகாது. அதற்கு மாற்று உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளர் அதிகம் வாழும் ஆன்சான் போன்ற ஊர்களிலும், சியோலில் இத்தேவோன் பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களிலும் ஹலால் இறைச்சிக் கடைகள் இருக்கின்றன. பிரேசிலிலிருந்து வரும் உறைந்த ஹலால் கோழியும் அங்கே கிடைக்கும். அறையில் ஒரு சின்ன அடுப்பும் குளிர்பெட்டியில் ஓர் இடமும் இருந்தால் வாரத்துக்கு ஒரு முறை வாங்கி வைத்துச் சமைக்கலாம். மகனுக்கு ஒரு குழம்பு வைக்கவாவது கற்றுக்கொடுக்காமல் விமானம் ஏற்றாதீர்கள் என்று தாய்மார்களிடம் நாம் உரிமையோடு சொல்கிறோம்.

கடல் உணவில் மத்ஹபு

கொரியா மூன்று பக்கம் கடல் சூழ்ந்த நாடு. மீன்தான் நமக்குப் பெரிய வாசல். வறுத்த கானாங்கெளுத்தி எங்கும் கிடைக்கும். ஆனால் மேசையில் மீனோடு கணவாய், பேய்க்கணவாய், சிப்பி, நண்டு எல்லாம் கலந்தே வரும்.

இங்கேதான் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளை கவனிக்க வேண்டும். காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ வந்த ஷாஃபி மத்ஹபுத் தோழர் கணவாயை நிம்மதியாகச் சாப்பிடுவார். அவருடைய மத்ஹபில் கடலிலேயே வாழும் உயிரினங்கள் ஆகுமானவை. நண்டு பற்றி மட்டும் அவர்களுக்குள்ளும் பேச்சு உண்டு. நம் பக்கத்தில் பெரும்பாலோர் ஹனஃபி. ஹனஃபி மத்ஹபில் கடலில் மீன் மட்டுமே ஆகும். கணவாய், சிப்பி, நண்டு ஆகாது. இறால் மீன் வகையா இல்லையா என்பதில் ஹனஃபி உலமாக்களிடமே இரண்டு கருத்து இருக்கிறது. இந்த இறால் விஷயம் சின்னதாகத் தோன்றும். ஆனால் கிம்ச்சியைப் புளிக்க வைக்க இறால் உப்புக்கூழும் நெத்திலிச் சாறும் போடுவது வழக்கம். இறாலைக் கூடாது என்று கொள்ளும் ஹனஃபிக் குடும்பமானால் கிம்ச்சியையே விசாரித்துத்தான் சாப்பிட வேண்டும். இறால் ஆகும் என்ற கருத்தைப் பின்பற்றுகிறவருக்குச் சிரமமில்லை.

பூசானில் ஒரே மேசையில் இவர்கள் இருவரும் உட்கார்ந்து, ஒருவர் மற்றவரின் தட்டைப் பார்த்து "ஹராம்" என்று சொல்லிச் சண்டை போட்டுக்கொள்ள வேண்டாம். இரண்டும் நம் இமாம்களின் வழிகள்தான்.

புளிப்பும் மதுவும்

புளிக்க வைத்த எல்லாமே மது அல்ல. கிம்ச்சி புளிப்பது நம் இட்லி மாவு புளிப்பது போன்றதுதான். தென்ஜாங் என்ற சோயா விழுதும், கான்ஜாங் என்ற சோயா சாறும், கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுதும் பழைய முறையில் சோயாப் பயறு, உப்பு, தானியம் வைத்துச் செய்யப்பட்டவை. இந்த விழுதுகள் செய்யும் கலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. குடும்பமாகக் கூடிக் கிம்ச்சி போடும் வழக்கம் 2013-லேயே அந்தப் பட்டியலில் இடம் பெற்றுவிட்டது.

தொழிற்சாலை வேறு. டப்பாவுக்குள் விழுது மேலும் புளித்து ஊதிவிடாமல் இருக்க 'ஜுஜொங்' எனப்படும் சாராயத்தைச் சேர்ப்பது பரவலான பழக்கம். இறைச்சி, மீன் வாடை போக 'மிரிம்', 'மத்சுல்' என்ற சமையல் மதுவும் உண்டு. சமையல் மது சேர்த்தது ஆகாது, இதில் பேச்சில்லை. ஜுஜொங் பெரும்பாலும் தானியம், கிழங்கிலிருந்து எடுப்பது. ஹனஃபி மத்ஹபின் நுணுக்கங்களைக் கொண்டு இதில் சலுகை காட்டும் இக்கால அறிஞர்கள் இருக்கிறார்கள், கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். நம் கருத்து இது: ஏற்றுமதிக்காக ஹலால் முத்திரையோடு தயாராகும் கோச்சுஜாங் கிடைக்கிறது. அது கிடைக்கும்போது சந்தேகமானதைத் தொடத் தேவையில்லை. ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, நடுவில் சந்தேகமானவை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது இப்படிப்பட்ட டப்பாக்களுக்கும் பொருந்தும்.

பானங்களில் ஒரு குழப்பம். 'சிக்ஹே' என்பது சோறும் மாவுமால்ட்டும் சேர்த்த இனிப்புத் தண்ணீர், அது ஆகும். 'மக்கொல்லி' என்பதும் பார்க்க மோர் போல வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் அது அரிசிக் கள். 'சைடா' என்று சொல்வது பெயரில் மட்டும்தான் சைடர், நம் ஊர் எலுமிச்சை சோடா போன்ற குளிர்பானம். இது பின்னால் உதவும்.

பாக்கெட்டைப் படிப்பது

கொரியச் சட்டத்தில் நமக்கு வாய்த்த ஒரு வசதியைப் பலர் அறிவதில்லை. ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைப் பாக்கெட்டில் தனிக் கட்டத்தில் அச்சிட வேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் பட்டியலில் பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றோடு பன்றி, மாடு, கோழியும் உண்டு. சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தக் கட்டத்தில் 'ஹம்யூ' (அடங்கியுள்ளது) என்ற சொல்லுக்கு முன்னால் உள்ள பெயர்களைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. மது அந்தக் கட்டத்தில் வராது. அதற்குச் சேர்மானப் பட்டியலில் ஜுஜொங்கைத் தேட வேண்டும். கைப்பேசி மொழிபெயர்ப்பு உதவும், ஆனால் சில நேரம் தவறாகச் சொல்லும். எழுத்தைக் கண்ணால் அடையாளம் காணப் பழகுவதுதான் பாதுகாப்பு. கொரிய எழுத்துகளை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம்.

உணவகங்களைக் கொரியச் சுற்றுலாக் கழகம் நான்கு வகையாகப் பிரிக்கிறது: ஹலால் சான்று பெற்றவை, உரிமையாளரே ஹலால் என அறிவித்தவை, முஸ்லிம்களுக்கு ஏற்றவை, பன்றி இல்லாதவை. கடைசி வகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பன்றி இல்லை என்றால் ஹலால் என்று பொருளல்ல.

ஓசூர் பெண்பிள்ளை கேட்டதற்குப் பதிலும் இங்கேதான். அவள் கொண்டு வந்தது சாம்யாங் நிறுவனத்தின் புல்டாக் நூடுல்ஸ். 2012-இல் வந்த இந்தப் பண்டம் பின்னர் ஏற்றுமதிக்காகக் கொரிய முஸ்லிம் கூட்டமைப்பின் ஹலால் சான்றைப் பெற்றது. ஆனால் நிறுவனத்தின் பெயரையோ அட்டையின் நிறத்தையோ பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளுக்கு வெவ்வேறு சேர்மானத்தில் செய்கிறார்கள். கையில் இருக்கும் பாக்கெட்டில் முத்திரை உண்டா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியோ பழுப்பு முக்கோணமோ இருக்கும். பழுப்பு என்றால் விலங்குப் பொருள் உண்டு, அப்போது ஹலால் முத்திரை இல்லாமல் வாங்க வேண்டாம். பச்சை என்றால் இறைச்சிக் கவலை இல்லை, ஆனால் மது பற்றிப் பச்சைப் புள்ளி எதுவும் சொல்லாது. இன்னொன்று, 2024 ஜூனில் டென்மார்க் அரசு இந்த நூடுல்ஸின் மூன்று வகைகளை, காரச் சத்து அளவுக்கு மீறியது என்று கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. ஹலாலாக இருப்பதோடு தய்யிபாகவும், உடலுக்கு நல்லதாகவும் இருக்க வேண்டுமல்லவா? சின்னப் பிள்ளைகள் போட்டி போட்டுச் சாப்பிட அனுமதிக்காதீர்கள்.

அலுவலக விருந்து

உணவை விடக் கடினமானது இதுதான். 'ஹ்வேசிக்' என்று அங்கே அலுவலகத்தார் மாலையில் கூடிச் சாப்பிடும் வழக்கம் உண்டு. பன்றிக் கறி சுடுவார்கள், சோஜு என்ற மதுவை மூத்தவருக்கு இளையவர் ஊற்றிக் கொடுப்பார். வர மறுத்தால் ஒட்டாத ஆள் என்ற பெயர் வந்துவிடும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

மது சுற்றி வரும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற நபிமொழி திர்மிதியில் இருக்கிறது. அதை நாம் மறைத்துச் சொல்ல முடியாது. செய்யக்கூடியது என்னவென்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாட்களிலேயே மேலாளரிடம் தன் மார்க்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவது. மதிய உணவை ஒரு நாளும் தனியாகச் சாப்பிடாமல் எல்லாரோடும் சாப்பிடுவது. மாலை விருந்துக்குப் பதில் மீன் கடையில் மதிய விருந்தாக வைக்க முடியுமா என்று கேட்பது. இப்போது பல அலுவலகங்களில் இளைய கொரியர்களே மாலைக் குடியை வெறுக்கிறார்கள், ஆகவே கேட்பவருக்குத் துணை கிடைக்கும். தப்பிக்கவே முடியாமல் மாட்டிக்கொண்ட ஒருவர் தனி மேசையில், சைடா டம்ளரோடு, சாப்பாட்டு நேரம் மட்டும் இருந்து, 'இ-ச்சா' எனப்படும் இரண்டாவது சுற்றுக்கு முன் விடைபெற்று வந்ததாகச் சொன்னார். நாம் அதைச் சிறந்தது என்று சொல்லவில்லை. அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை.

பன்றிக் கறியை நீட்டுகிற சக ஊழியரையும் தவறாக எடைபோட வேண்டாம். அவருக்கு மிகப் பிடித்ததை அவர் பகிர்கிறார். இதைச் சொல்வதற்குக் காரணம் தேகு நகரில் நடந்த சம்பவம். அங்கே பல்கலைக்கழகம் ஒன்றின் அருகில் முஸ்லிம் மாணவர்கள் பள்ளிவாசல் கட்டத் தொடங்க, 2021 பிப்ரவரியில் உள்ளூர் நிர்வாகம் வேலையை நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2022 செப்டம்பரில் முஸ்லிம்களுக்குச் சாதகமாக முடிந்தது. அதன் பிறகும் எதிர்ப்பாளர்கள் சிலர் அந்த இடத்தின் அருகே பன்றித் தலைகளை வைத்தார்கள், பன்றி சுட்டு விருந்து நடத்தினார்கள். உணவையே ஆயுதமாக்கிய செயல் அது. நம் நாட்டிலும் இது தெரியாத கதையல்ல. அதே கொரியாவில்தான் 1976-இல் சியோல் மத்தியப் பள்ளிவாசல் அரசு கொடுத்த நிலத்தில், சவூதி முதலிய நாடுகளின் பொருளுதவியோடு எழுந்தது. கொரியப் போருக்கு வந்த துருக்கி வீரர்களோடு வந்த இமாம்களிடம்தான் அந்நாட்டின் முதல் தலைமுறை முஸ்லிம்கள் மார்க்கத்தைக் கற்றார்கள். இன்று நோன்பு மாதத்தில் அந்தப் பள்ளியில் எல்லா நாட்டாரும் ஒன்றாக நோன்பு திறக்கிறார்கள். பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் அருகில் உள்ள பள்ளிவாசலையோ தொழுகை அறையையோ முதல் வாரமே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஹலால் கடை எது, எந்த உணவகத்தை நம்பலாம் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

வீட்டிலேயே முள்ளங்கிக் கிம்ச்சி

கிம்ச்சி என்றால் முட்டைக்கோஸ் மட்டுமல்ல. முள்ளங்கியில் செய்வதற்கு 'கக்துகி' என்று பெயர். நம் பக்கத்து முள்ளங்கி அதற்கு நன்றாக இருக்கும். ஒரு கிலோ முள்ளங்கியைச் சதுரத் துண்டுகளாக நறுக்கி, கல் உப்புப் பிசறி அரை மணி நேரம் வைத்து, விட்ட தண்ணீரை வடித்துவிடுங்கள். அரைத்த பூண்டு, இஞ்சி, கொஞ்சம் சர்க்கரை, வெங்காயத் தாள், காரம் குறைந்த மிளகாய்த் தூள் சேர்த்துப் பிசைந்து கண்ணாடி ஜாடியில் அழுத்தி அடையுங்கள். இறால் கூழ் தேவையே இல்லை. ஓசூர் குளிரில் ஒன்றரை, இரண்டு நாள் வெளியே வைக்கலாம். கோடையில் ஒரு நாளே போதும், பிறகு குளிர்பெட்டி. மூடியை நாளுக்கு ஒரு முறை திறந்து மூட வேண்டும், இல்லாவிட்டால் பொங்கி வழியும். நம் வீட்டில் முதல் முறை அப்படித்தான் ஆனது. ஊருக்குப் போகும் முன் இரண்டு மாதம் இதைச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு அங்கே போய்ச் சோறு இறங்கும்.

அந்தத் தாயார் கடைசியில் கேட்டது, பெட்டியில் என்ன வைத்து அனுப்பலாம் என்று. இறைச்சி, இறைச்சி ஊறுகாய், உப்புக்கண்டம், பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் வேண்டாம். விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள், அறிவிக்காமல் இறைச்சி கொண்டு போனால் அபராதமும் கடுமை. அரைத்த மசாலாத் தூள், பருப்புப் பொடி, மாங்காய் ஊறுகாய், புளி விழுது வைக்கலாம். எதையும் மறைக்காமல் சுங்கப் படிவத்தில் எழுதிவிட வேண்டும். "கேழ்வரகு மாவு வைக்கலாமா, களி இல்லாம அவன் இருக்க மாட்டானே" என்றார். இரண்டு கிலோ வையுங்கள், அதையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள் என்றோம்.